பெட்டிக்காரர் நீக்கிய பெயர்கள்

கண் அறுவைச் சிகிச்சைப் பதிவு அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பெட்டிக்காரர் என்றால்தான் தெரியும். அவர் பெட்டி எதையும் தூக்கியவர் அல்ல. கணினித் திரையில் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கிற வெள்ளைக் கட்டம் ஒன்றைச் செய்து கொடுத்தவர். புரோகிராம் எழுதுகிறவர்கள் அதைப் பட்டியல் பெட்டி என்பார்கள். கண்ணில் புரை விழுந்தவர்கள் வந்து பதிந்தால் பெயர் அந்தப் பெட்டிக்குள் போய் நிற்கும். கவுண்டரில் இருக்கும் அம்மா ஒரு பெயரைச் சுட்டி, 'தேதி' என்ற பொத்தானை அழுத்துவார். அந்தப் பெயருக்கு அறுவைச் சிகிச்சைத் தேதி விழும். அவ்வளவுதான் விஷயம்.

நல்ல புரோகிராமர் ஒருவர் ஒரு வாரத்தில் முடிக்கிற வேலை. அலுவலகத்துக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. பட்டியல் பெட்டி மேற்பார்வைக் குழு என்று ஒன்றை அமைத்து, அது பதினோரு முறை கூடியதுதான் காரணம்.

நாலாவது கூட்டத்தில் பெட்டிக்காரர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். பெட்டிக்குள் முதல் வரிக்கு எண் பூஜ்யம், அடுத்த வரிக்கு ஒன்று, கணினி அப்படித்தான் எண்ணும் என்று சொல்லிவிட்டார். இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார்.

"முதல்ல பதிஞ்சவர் பூஜ்யமா?"

"உள்ளுக்குள்ள மட்டும்தான் சார். வெளில யாருக்கும் தெரியாது."

"வெளில தெரியாதது எத்தனை நாளைக்குத் தெரியாம இருக்கும்? ஒரு குடிமகனைப் பூஜ்யம்னு கூப்பிட்ட அலுவலகம்னு பேர் எனக்கு வேணாம்."

இரண்டு மணி நேரம் விவாதித்தார்கள். முதல் வரியைக் காலியாக விட்டுவிடுவது, பூஜ்யம் யாருக்கும் போகாமல் அந்தக் காலி வரிக்கே போகட்டும் என்று முடிவாயிற்று. பெட்டிக்காரர் தலையை ஆட்டினார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தத் தலையாட்டல் கழுத்தில் வலித்தது.

ஏழாவது கூட்டத்தில் ஸ்க்ரோல் பார் வந்தது. பெட்டியில் ஒரே நேரத்தில் இருபது பெயர்கள்தான் தெரியும். மீதியைப் பார்க்க ஓரத்தில் உள்ள பட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். இயக்குநருக்கு அந்தப் பட்டை பிடிக்கவில்லை.

"இன்னும் கீழ ஆள் இருக்காங்கன்னு அது காட்டிக் குடுக்குது. வர்றவங்களுக்கு அது நல்ல எண்ணத்தைக் குடுக்காது."

"ஆனா ஆள் இருக்காங்களே சார்."

"இருக்கட்டும். நான் இல்லைன்னா சொன்னேன்? காட்டாதீங்கன்னுதான் சொல்றேன்."

பட்டையை எடுத்தார்கள். வெள்ளோட்டத்துக்காக நோட்டில் இருந்த பெயர்களை அப்போதே பெட்டியில் ஏற்றியிருந்தார்கள். கவுண்டர் அம்மா விசைப்பலகையில் கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தி அழுத்திக் கீழே போகக் கற்றுக்கொண்டார். அந்த மாத அறிக்கையில், நிலுவையில் உள்ளோர் இருபது பேர் என்று பெருமையாக எழுதப்பட்டிருந்தது. பெட்டிக்குள் அப்போது ஐந்நூற்றுச் சொச்சம் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

பதினோராவது கூட்டத்தில் சோதனை. ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து 'நீக்கு' பொத்தானை அழுத்தும்படி பெட்டிக்காரரிடம் சொன்னார்கள். அழுத்தினார். பெயர் போயிற்று. குழு கைதட்டியது. இரண்டு பெயர்களைச் சேர்த்து நீக்கிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெட்டிக்காரருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அன்று அவர் மனம் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போவதிலேயே இருந்தது. இதைப் பிற்பாடு அவர் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொள்ள நேர்ந்தது.

பெட்டி நடைமுறைக்கு வந்தது. பழைய தடித்த நோட்டுகள் ஐந்தும் கிடங்குக்குப் போயின. இனிப் பெட்டியில் இருப்பதே பதிவு என்று சுற்றறிக்கை போட்டார்கள். மூன்றாவது மாதம் முதல் சுத்திகரிப்பு நாள். சிகிச்சை முடிந்த நூற்றுப் பன்னிரண்டு பேரை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நீக்க வேண்டும். பொத்தானை அழுத்தும் கௌரவத்தைப் பெட்டிக்காரருக்கே கொடுத்தார்கள். அழுத்தினார். நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் குறைந்தன. இயக்குநர் எழுந்து நின்று பேசினார்.

"நூத்திப் பன்னண்டு எடுக்கணும்னோம், நூத்திப் பன்னண்டு போயிருக்கு. கணக்கு சரியா இருந்தா அதுக்கு மேல கேள்வி கேக்கிற பழக்கம் இந்த அலுவலகத்துல கிடையாது."

பெட்டிக்காரருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மனைவி அதைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இதெல்லாம் நடந்து ஒரு மாதம் கழித்து, மகளின் பள்ளிச் சட்டை தைத்து வந்தது. ஒரு கை நீளமாகவும் மற்றது குட்டையாகவும் இருந்தது. எதிர்வீட்டுக் கீழ்த்தளத்தில் தையல் மெஷின் போட்டிருக்கும் அக்கா தைத்தது. பத்து வருஷமாக அந்த வீட்டுத் துணியெல்லாம் அவர்தான் தைக்கிறார். ஒரு தையல் கோணியதில்லை.

"அவங்களுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருதுங்க," என்றாள் மனைவி. "உங்க ஆபீஸ்லதான் பதிஞ்சு வச்சிருக்காங்களாம். எப்ப வரும்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். இதுக்குக் கூடப் பிரயோஜனம் இல்லைன்னா அப்புறம் அந்தக் கேடயம் எதுக்கு?"

மறுநாள் காலை அவர் பெட்டியில் தேடினார். அம்புக்குறியை அழுத்திக் கடைசி வரை போனார். தையல்கார அக்காவின் பெயர் இல்லை. அக்கா நிச்சயம் பதிந்திருந்தார், மனைவியிடம் பதிவுச் சீட்டைக் காட்டியிருந்தார். அந்தப் பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்தில், முன்னும் பின்னும், சிகிச்சை முடிந்தவர்களின் பெயர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தன. நாற்காலியில் உட்கார்ந்தபடியே பெட்டிக்காரருக்குக் காது சூடாயிற்று. என்ன நடந்தது என்று அவருக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

பத்துப் பேர் நிற்கிற வரிசை. மூன்றாமவரும் ஐந்தாமவரும் வெளியே வர வேண்டும். மூன்றாமவரைக் கூப்பிட்டதும் பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் ஓரடி முன்னால் வந்துவிடுவார்கள். இப்போது "ஐந்தாமவரே வாங்க" என்றால் வருவது பழைய ஆறாமவர். ஐந்தாமவர் நாலாவது இடத்தில் நிம்மதியாக நிற்பார். பெட்டியிலும் அதேதான். மேலிருந்து கீழே நீக்கிக்கொண்டு போனால் ஒவ்வொரு நீக்கத்துக்கும் கீழே உள்ள பெயர்கள் மேலே ஏறும், குறித்து வைத்த எண்கள் வேறு ஆள்மேல் விழும். கீழிருந்து மேலே நீக்கினால் இந்தத் தொல்லையே இல்லை. புரோகிராம் கற்கிறவர்கள் முதல் வருஷத்திலேயே ஒருமுறை செய்து, வாத்தியாரிடம் திட்டு வாங்கி, திருத்திக்கொள்கிற தப்பு. பெட்டிக்காரர் அதைப் பதினெட்டு வருஷ அனுபவத்துக்குப் பிறகு செய்து கேடயம் வாங்கியிருந்தார்.

அன்று மாலை தையல்கார அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். பெட்டிக்காரர் வருவது காலடிச் சத்தத்தில் தெரிந்தது போலிருக்கிறது.

"என்ன தம்பி, பாத்தீங்களா?"

"பாத்தேங்க்கா," என்றார். "இன்னும் வரிசை வரல. கொஞ்சம் பொறுக்கணும்."

"பொறுக்கறதுக்கென்ன, பொறுத்துக்கிறேன். நீங்க அங்க இருக்கீங்கங்கறதே எனக்குத் தெம்பு."

அன்றிலிருந்து பெட்டிக்காரர் தெருவின் அந்தப் பக்கம் நடப்பதை விட்டுவிட்டார்.

மறுநாளே, எல்லாரும் சாப்பிடப் போயிருந்த வேளையில், புரோகிராமில் பெயர் நீக்குகிற அந்த ஒரு வரியைக் கீழிருந்து மேலே போகும்படி மாற்றினார். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் போன பெயர்கள் போனவைதான். கிடங்குக்குப் போய்ப் பழைய நோட்டுகளைத் தூசி தட்டி ஒப்பிட்டுப் பார்த்தார். காத்திருந்தவர்களில் நாற்பத்து மூன்று பேர் நீக்கப்பட்டிருந்தார்கள். சிகிச்சை முடிந்தவர்களில் நாற்பத்து மூன்று பேர் உள்ளேயே இருந்தார்கள். கணக்கு சரியாக இருந்தது.

உள்ளே இருந்தவர்களை அலுவலகம் சும்மா விடவில்லை. அவர்களில் ஒருவர் பஸ் கண்டக்டர். இரண்டு கண்ணிலும் சிகிச்சை முடிந்து டிக்கெட்டில் உள்ள பொடி எழுத்தையெல்லாம் படித்துக்கொண்டிருந்தவர். அவருக்கு மூன்றாவது தேதி வந்தது. கவுண்டருக்கு வந்து கேட்டார்.

"எனக்கு ரெண்டு கண்ணும் முடிஞ்சு போச்சும்மா. இது எதுக்கு?"

கவுண்டர் அம்மா பெட்டியைப் பார்த்தார். "உங்க பேரு இருக்கே."

"பேரு இருக்கு. இன்னொரு கண்ணு இல்லையே."

விஷயம் இயக்குநர் வரை போயிற்று. இயக்குநர் கண்டக்டரை உட்காரவைத்து நிதானமாக விளக்கினார்.

"பட்டியல்ல பேர் இருக்கிறவங்க நோயாளி. இல்லாதவங்க நோயாளி இல்ல. இதுதான் எங்களுக்குத் தெரிஞ்ச கண் வைத்தியம். நீங்க போய் ஆஸ்பத்திரில படுங்க, அவங்க பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னா அனுப்பிடுவாங்க."

கண்டக்டர் விடுப்பு போட்டுப் போய்ப் படுத்து, எழுந்து வந்தார். நாலாவது தேதியும் வந்தது. முதல் வரியில் நிற்கிற காலி வரிக்கும் தேதி விழுந்திருந்தது. மூன்று முறை ஆஸ்பத்திரியில் காத்திருந்து பார்த்துவிட்டு, வராத காரணத்தைக் கேட்டு அந்தக் காலி வரிக்குக் கடிதம் அனுப்பினார்கள். முகவரி இல்லாததால் கடிதம் திரும்பி வந்தது. திரும்பி வந்ததற்கு ஒரு கோப்பு போட்டார்கள்.

இதையெல்லாம் பெட்டிக்காரர் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வருவார். மதியம் தாண்டியதும் நாளைக்குச் சொல்லலாம் என்றாகிவிடும். இப்படி நாலு மாதம் ஓடிற்று. கடைசியில் ஒரு திங்கட்கிழமை, நாற்பத்து மூன்று பெயர்களையும் வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு இயக்குநர் அறைக்குள் போய்விட்டார்.

இயக்குநர் முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை.

"நல்ல மனசு உங்களுக்கு," என்றார். "ஆனா தப்புன்னு வாயால சொன்னா அது தப்பு ஆயிடாது. தவறு அறிக்கைல பதியணும். போய்ப் பதிஞ்சிட்டு வாங்க."

தவறு அறிக்கையும் அவர் கணினித் திரையில் செய்து கொடுத்த ஜன்னல்தான். அதில் 'காரணம்' என்ற இடத்தில் சின்னப் பட்டியல் ஒன்று விழும். அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் அறிக்கை உள்ளே போகும். பட்டியலில் மின்தடை, மழை, விண்ணப்பதாரர் தவறு என்று மூன்றே இருந்தன. 'புரோகிராம் தவறு' என்று நாலாவதாக ஒன்று இருந்ததும், ஒன்பதாவது கூட்டத்தில் அதை எடுத்துவிடச் சொன்னபோது மறுபேச்சில்லாமல் எடுத்ததும் இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

திரும்பிப் போனார். "சார், என் தப்புங்கறது அதுல இல்ல."

"இல்லைன்னா அப்படி ஒரு காரணம் கிடையாதுன்னு அர்த்தம். புதுசா சேக்கணும்னா குழு கூடணும். அடுத்த கூட்டம் எட்டு மாசம் கழிச்சு. அதுவரைக்கும் இந்த நாப்பத்து மூணு பேரும் எந்தக் காரணமும் இல்லாம நிக்கணுமா? ஏதாவது ஒண்ணு போடுங்க, அவங்களுக்குக் கடிதமாவது போகும். புதுசாப் பதிஞ்சுக்குவாங்க. நீங்க அவங்க நல்லதுக்குத்தானே வந்தீங்க?"

நியாயம் போலத்தான் இருந்தது. மின்தடை என்றால் மின்வாரியத்திடமிருந்து சான்று வேண்டும். மழை என்றால் வானிலைச் சான்று வேண்டும். விண்ணப்பதாரர் தவறு என்றால் எந்தச் சான்றும் வேண்டாம். பெட்டிக்காரர் சுட்டியை அதன்மேல் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு அழுத்திவிட்டார். நாற்பத்து மூன்று கடிதங்கள் அச்சாகி, ஒவ்வொன்றின் அடியிலும் அவர் கையெழுத்தோடு தபாலில் போயின.

மூன்றாம் நாள் மாலை, தெருவின் எந்தப் பக்கத்திலும் நடக்க முடியாமல் போயிற்று. தையல்கார அக்கா அவர் வீட்டு வாசலுக்கே வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் கடிதம்.

"ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கு தம்பி. தேதியாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். உங்க வீட்டம்மா படிக்கிறேன்னாங்க. நான்தான் வேணாம், தம்பி வரட்டும், அவர் வாயால கேக்கணும்னு வச்சிருந்தேன்."

மனைவி கதவோரம் சிரித்த முகமாக நின்றாள். பெட்டிக்காரர் கடிதத்தைப் பிரித்தார். படிக்கிற குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"தங்களின் தவறு காரணமாகத் தங்கள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

மனைவியின் சிரிப்பு போயிற்று. தையல்கார அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான்தான் ஏதோ தப்பா எழுதியிருப்பேன்," என்றார் மெதுவாக. "ஃபாரத்துல கட்டம் கட்டமா இருந்துச்சு. சரியாத் தெரியல. யாரையாவது கேட்டு எழுதியிருக்கலாம், வெக்கப்பட்டுக்கிட்டு நானே எழுதினேன். உங்களுக்கு வேற என்னால சங்கடம். அங்க பெரியவங்க யாராவது கோச்சுக்கிட்டா நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க தம்பி."

பெட்டிக்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணலக்கா. நான் பண்ணினது. உங்க பேரை எடுத்தது நான். இந்தக் கடிதாசில இருக்கிறது என் கையெழுத்து."

சொல்லத் தொடங்கியபின் நிற்கவில்லை. வரிசையில் நிற்கிறவர்கள் ஓரடி முன்னால் வருவதைச் சொன்னார், கீழிருந்து மேலே போயிருக்க வேண்டும் என்று சொன்னார், காரணப் பட்டியலைச் சொன்னார். அக்காவுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நாலு மாசமா."

"வரிசை வரலைன்னு சொன்னீங்களே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

மனைவி உள்ளே போய்விட்டாள். அவள் கதவைச் சாத்திய விதத்திலேயே அன்றிரவு வீட்டில் பேச்சு இருக்காது என்று தெரிந்தது. தையல்கார அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பெட்டிக்காரர் கை கொடுக்கப் போனதை விலக்கினார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு ஆபீஸ் திறப்பாங்க?"

"பத்து மணிக்குங்க்கா."

"வரேன். நீங்களும் வாங்க. ஆனா என் பக்கத்துல நில்லுங்க. உங்க நாக்காலில உக்காராதீங்க."

மறுநாள் பெட்டிக்காரர் முதல்முறையாகக் கவுண்டரின் மறுபக்கத்தில் நின்றார். பதினெட்டு வருஷமாக அங்கே வேலை பார்த்தும், அந்தக் கூடத்தில் மின்விசிறி ஒன்றுகூட இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து அவர்கள் முறை வந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து கவுண்டர் அம்மா விழித்தார்.

"என்ன சார், நீங்க அந்தப் பக்கம்?"

"இவங்க பேரை நான் தப்பா நீக்கிட்டேன். இவங்களோட சேத்து நாப்பத்து மூணு பேர். இதோ பேரெல்லாம் இருக்கு. என் தப்புன்னு சொல்ல வந்திருக்கேன்."

பின்னால் நின்றவர்கள் கேட்கும்படியாகத்தான் சொன்னார். "என் பேர் இருக்கா பாருங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அப்புறம் இன்னொன்று. தாள் கைமாறிப் போயிற்று. அன்று கூடத்தில் நின்றவர்களில் இரண்டு பேருடைய பெயர் அதில் இருந்தது. இரண்டு பேரும் அவரைச் சும்மா பார்த்தார்கள். அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

சத்தம் கேட்டு இயக்குநர் வந்தார். வரிசையின் முன்னால் நின்று இரு கையையும் உயர்த்தினார்.

"பொதுமக்கள் பதற வேண்டாம். இந்த அலுவலகத்துல தப்பு நடக்க வழியே கிடையாது. தப்பு நடந்தா பதியறதுக்கு எங்ககிட்ட இடமே இல்ல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். இயக்குநர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நாற்பத்து மூன்று பேரையும் மறுபடி சேர்த்தார்கள். புதிதாகப் பதிந்தவர்களாகக் கருதி, பட்டியலின் கடைசியில். பழைய இடத்தைக் கொடுக்கப் பெட்டிக்காரர் எழுதிய மூன்று மனுக்களும் குழுவின் பார்வைக்குப் போயின, குழு இன்னும் பார்க்கவில்லை. அவர்மேல் நடவடிக்கை எடுக்கக் கோப்பு போட்டார்கள். அதற்கும் காரணம் கிடைக்காமல் திண்டாடி, அலுவலக நேரத்தில் வரிசையில் நின்றார் என்று குற்றம் சாட்டி, அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். கேடயத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, வழங்கியதைத் திரும்பப் பெற விதி இல்லை என்று வாங்க மறுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீடு வீடாகப் போனார். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்து, அவர் எதற்கு வந்தார் என்பதைக் கடைசிவரை நம்பவில்லை. ஒரு முடிதிருத்துபவர் கண் தெரியாமல் கடையை மூடிவிட்டிருந்தார். மாடிப்படியில் கால் தவறி விழுந்த ஒரு பெண்மணி கட்டுப் போட்ட காலை நீட்டியபடி, "அந்தக் கடிதாசியைப் பாத்துட்டு என் மகன் என்னை எவ்வளவு திட்டினான் தெரியுமா?" என்றார். அந்த மகன் அங்கேயே நின்றிருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

தையல்கார அக்காவின் முறை வர எப்படியும் ஏழு மாதம் ஆகும். மாற்றல் ஆன மறுவாரம் பெட்டிக்காரர் அவர் கடை வாசலில் போய் நின்றார். என்ன செய்யட்டும் என்று கேட்டார். அக்கா அவர் நின்ற திசையில் முகத்தைத் திருப்பினார். ஊசி குத்திய ஒரு துணி உருண்டையையும் நூல்கண்டுகளையும் முன்னால் தள்ளினார்.

"பன்னண்டு ஊசி இருக்கு. கோத்து வச்சிட்டுப் போங்க. ஒரு நாளைக்கு வரும். மிஷின் ஊசியையும் மறக்காதீங்க."

அதிலிருந்து தினமும் காலையில் எட்டு மணிக்குப் போவார். அக்கா அவரோடு அதிகம் பேசுவதில்லை. அவரும் பேச்சுக் கொடுப்பதில்லை. ஒருநாள் துணி கொடுக்க வந்த ஒரு பெண், மூலையில் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டு, யார் இவர், புதுசா வேலைக்கு வச்சிருக்கீங்களா என்று கேட்டாள்.

"இல்லம்மா. எதிர்வீட்டுக்காரர்," என்றார் அக்கா, கத்தரிக்கோலைத் தடவித் தேடிக்கொண்டே. "அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

பெட்டிக்காரர் இன்னும் கொஞ்சம் குனிந்து, ஐந்தாவது ஊசியின் காதைத் தேடினார்.